உயிர்வேலி வெட்டுப்பட்டால் என்னென்ன போகிறது? கடலூர்க் கொல்லைகளிலிருந்து

பண்ருட்டிக்குக் கிழக்கே எங்கள் முந்திரிக் கொல்லைக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி இருந்தது. போன சித்திரையில் ஒரே காலையில் போய்விட்டது. எட்டு மணிக்கு ஜேசிபி வந்தது, பதினோரு மணிக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். தாத்தா காலத்தில் போத்து, அதாவது கிளைக்கம்பு, வெட்டி ஊன்றிய வேலி அது. கிளுவைக்கு நடுவே காரை, சங்கஞ்செடி, சூரை, நொச்சி எல்லாம் தானாக வந்து சேர்ந்து, மேலே கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்து, சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேலேயே நின்றது. நடுவில் இருந்த ஏழு பனையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். பிடுங்கிக் குவித்த முள்ளின் மேல் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று விடாமல் கத்திக்கொண்டு தாவித் தாவி எதையோ தேடிக்கொண்டிருந்தது. குவியலின் ஓரத்தை ஒரு கம்பால் விலக்கினால் உள்ளே நார்க்கூடு, அதில் மூன்று முட்டை. தவிட்டுக்குருவி முட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பறவையே அழுக்குப் பழுப்பு நிறம், முட்டை மட்டும் நல்ல நீலம், பளிச்சென்று இருக்கும். இரண்டு உடைந்திருந்தது. மூன்றாவதைக் கூட்டோடு எடுத்து எங்கள் பக்கத்துக் கொய்யாவில் வைத்தேன், ஒரு குருவியும் வரவில்லை.

வேலியை எடுத்தவர் எனக்குச் சித்தப்பா முறை. அவர் மேல் கோபப்பட்டு எழுதவில்லை, அவருக்கு அவருடைய காரணங்கள் இருந்தன, அதையும் சொல்கிறேன். ஆனால் இந்த மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது. குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம், அந்தப் பக்கம் புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் என்று எங்கே பார்த்தாலும் முள்வேலி நின்ற இடத்தில் கல்கால் ஊன்றிக் கம்பி இழுத்திருக்கிறது. கூடவே என்ன போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்று. நம் ஊர் உயிர்வேலி வெறும் செடிவரிசை கிடையாது. இந்தக் கடற்கரைச் சமவெளியில் முன்பு இருந்த புதர்க்காட்டிலிருந்து மிச்சமாகி நிற்கும் ஒரு கீற்று அது. கடலூரைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களையே பாருங்கள், தாழங்குடா, நொச்சிக்காடு, காரைக்காடு. தாழை, நொச்சி, காரை, மூன்றுமே வேலிச்செடிகள். திருப்பாதிரிப்புலியூரின் பெயரில் பாதிரி மரம் இருக்கிறது, சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை, அது பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் நிற்கிற மரம். காட்டை அழித்துக் கொல்லையாக்கியபோது ஓரத்தில் விட்டதும், பிறகு பறவை போட்ட எச்சத்தில் முளைத்ததும் சேர்ந்துதான் வேலி ஆனது. கடலூர் மாவட்டத்தில் அந்தப் பழைய காட்டின் பெரிய துண்டு பார்க்க வேண்டுமென்றால் கோயில்காட்டுக்குத்தான் போக வேண்டும். திருமாணிக்குழியிலும் குழந்தைகுப்பத்திலும் உள்ள காடுகளைப் புதுவைப் பல்கலைக்கழகத்தார் மரம் மரமாக எண்ணி 1997-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். உலர் பசுமைமாறாக் காடு என்று அதற்குப் பெயர், இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையோரத்தில் காணப்படும் வகை, மழை குறைந்த இடத்திலும் இலை முழுக்கக் கொட்டாமல் நிற்கும். மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி இருப்பதும் அதே வகைதான், பேருந்திலிருந்தே பார்க்கலாம்.

இந்தக் கோயில்காடுகள் ஒன்றுக்கொன்று பல மைல் தள்ளி இருக்கின்றன. நடுவில் சவுக்குத் தோப்பு, கரும்பு, மனைப்பிரிவு, நான்குவழிச் சாலை. ஒரு கீரியோ உடும்போ ஓணானோ ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எப்படிப் போகும்? வெட்ட வெளியில் போனால் நாய் பிடிக்கும், பருந்து தூக்கும், வெயிலிலேயே கருகும். வேலியோரமாகத்தான் போகும். நமக்கு ஒற்றையடிப்பாதை எப்படியோ அதற்கு வேலியின் அடிநிழல் அப்படி. காட்டில் காசா பழத்தையும் காரைப் பழத்தையும் தின்ற சின்னான் குருவி வேலியில் வந்து உட்கார்ந்து எச்சம் போடுகிறது, அங்கே அந்தச் செடி முளைக்கிறது, பத்து வருடம் கழித்து அது காய்த்து அடுத்த குருவி தின்று அடுத்த வேலிக்குக் கொண்டுபோகிறது. அதனால் ஒரு வேலி வெட்டுப்படும்போது அந்த நூறு அடி மட்டும் போகவில்லை. இரண்டு பக்கமும் தொடர்ந்து வந்த வழி நடுவில் அறுந்துபோகிறது. என் மனசுக்கு இதுதான் முக்கியமான இழப்பு, மற்றதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

வேலிச்செடிகளின் பெயரைக் கவனித்தால் நம் ஆட்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆடாதோடை, ஆடு தொடாத இலை என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஆடுதீண்டாப்பாளை, அதுவும் அப்படியே. வேலிப்பருத்தி, பெயரிலேயே வேலி இருக்கிறது. நொச்சியை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் மனுஷனே துடித்துப்போவான், எந்த மாடும் கிட்டே வராது. ஆடுமாடு தின்னாதது, கம்பு ஒடித்து ஊன்றினாலே வருவது, தண்ணீர் ஊற்றாமல் கிடப்பது, முள்ளோ பாலோ கசப்போ உள்ளது. இந்த நாலும் பார்த்துத்தான் வேலி போட்டார்கள்.

இந்தக் கசப்பிலும் ஒரு கதை இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளையின் இலையில் நஞ்சு உண்டு, அதனால்தான் ஆடு விலகுகிறது. ஆனால் சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சி தேடிப் போய் அந்தக் கொடியில்தான் முட்டையிடும். புழு அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது, பட்டாம்பூச்சியானாலும் அது போவதில்லை. கருப்பு இறக்கையும் ரத்தச் சிவப்பு உடம்புமாக அது மெதுவாகப் பறக்கும், ஒரு அவசரமும் இருக்காது, ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை மறுபடி தொடாது என்பதால். எருக்கையும் வேலிப்பருத்தியையும் தின்று வளரும் வெந்தய வரியனும் இப்படித்தான். இவற்றின் புழுவுக்கு வேறு தழையைப் போட்டால் தின்னாது, செத்துப்போகும். கொல்லை முழுக்கச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் நட்டு வைத்தாலும் தேன் குடிக்க வரும், முட்டை வைக்க வேலிக்குத்தான் திரும்ப வேண்டும். வேலி இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை.

நன்றாக வளர்ந்த ஒரு வேலியைக் காலை ஆறு மணிக்கு ஒரு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தரையிலிருந்து தொடங்கும். சருகுக்கு அடியில் கௌதாரி ஒரு ஜோடி, முதலில் ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரும், பிறகு அடுத்தது, வேலியை விட்டுப் பத்தடிக்கு மேல் போகாமலே மேயும், ஆள் அசைந்தால் பறக்காது, ஓடி உள்ளே நுழைந்துகொள்ளும். இடுப்பு உயரத்தில் முள் நெருக்கமான இடம், அங்கேதான் சின்னானும் கீச்சானும் கூடு கட்டும், காக்கை மூக்கை நுழைக்க முடியாது என்பதால். கீச்சான் பிடித்த வெட்டுக்கிளியை முள்ளில் குத்தி வைத்துவிட்டுப் பிறகு வந்து தின்பதையும் பார்க்கலாம். அந்த நெருக்கத்துக்குள்ளேயே செம்போத்து ஒன்று நடந்துபோகும், அது பறப்பதைவிட நடப்பதுதான் அதிகம், ஓணானும் குஞ்சும் நத்தையும் அதன் சாப்பாடு. மேலே கோவைக்கொடியில் தையல்சிட்டு. அதற்கும் மேலே பனை. பனையோலையின் அடிப்பக்கம் தன் எச்சிலால் ஒட்டிவைத்த கூட்டில் உழவாரன் குருவி, மொட்டையாகிப்போன பனையின் பொந்தில் பனங்காடை, உச்சி மட்டையில் கரிச்சான்.

தவிட்டுக்குருவிக் கூட்டில் சுடலைக்குயில் முட்டையிடும், அக்கா குயிலும் இடும். அந்தக் குயில்களும் மறைமுகமாக இந்த வேலியை நம்பித்தான் இருக்கின்றன. சித்திரையில் நான் பார்த்த நீல முட்டைகளில் ஒன்று குயிலுடையதாகவும் இருந்திருக்கலாம், அவற்றின் முட்டையும் நீலம்தான்.

ஓணானைப் பற்றித் தனியாக ஒரு வரி. வேலிக்கு ஓணான் சாட்சி, வேலியில் போற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கிட்ட கதை, என்று நம் பேச்சில் வேலியும் ஓணானும் பிரியாமல் வரும். சின்ன வயதில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஓணானைக் கல்லால் அடித்ததும் உண்டு, நானும் அடித்திருக்கிறேன், இப்போது நினைத்தால் மனசு வலிக்கிறது. ஆண் ஓணான் கழுத்து சிவந்து கிளுவைக் கொம்பில் தண்டால் எடுப்பதை இன்றைக்குப் பண்ருட்டி டவுனில் வளரும் ஒரு பிள்ளை பார்த்திருக்குமா என்று தெரியவில்லை. கம்பிவேலியில் அது ஒளிய இடமில்லை, முட்டையைப் புதைக்க சருகு மூடிய இளகின மண் இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு பழைய செய்தி சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி நகரத்தைச் சுற்றிக் கோட்டைக்கு வெளியே ஒரு பெரிய முள்வேலி இருந்தது. கற்றாழையும் முட்செடிகளும் நெருக்கி வளர்த்து, நடுநடுவே தென்னையும் பனையும் நின்ற வேலி. நகரத்துக்குள் வரும் பெரிய சாலைகள் அதை வெட்டும் இடங்களில் மட்டும் காவல் கொத்தளங்கள், அரியாங்குப்பம் வழிக்கு ஒன்று, வில்லியனூர் வழிக்கு ஒன்று, இப்படி. 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது முதலில் அந்த வேலியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது, செப்டம்பரில் பிடித்தார், லாலியின் பிரெஞ்சுப் படை அடுத்த ஜனவரியில் சரணடைந்தது. பீரங்கி வைத்திருந்த ஒரு ராணுவமே முள்செடியை நம்பி ஊரைக் காத்தது என்றால் நம் தாத்தாக்கள் ஆட்டிடமிருந்து கம்புப் பயிரைக் காக்க அதை நம்பியதில் ஆச்சரியம் இல்லை. வேலி என்பது நம் மொழியில் நில அளவாகவும் ஆனது, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வேலி நிலம் என்றால் இருபது மா, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்.

சரி, ஏன் வெட்டுகிறார்கள்? சித்தப்பாவிடம் கேட்டேன். "தம்பி, கவாத்து வெட்ட ஆள் வரமாட்டேங்கிறான், வந்தாலும் முள்வேலைன்னா ரெட்டைக்கூலி கேக்குறான். வருஷத்துக்கு ஒரு அடி உன் பக்கமும் ஒரு அடி என் பக்கமும் நகர்ந்துகிட்டே போவுது. அப்புறம் பாம்பு. பேரப்பிள்ளைங்க வருது போவுது" என்றார். மூன்றுமே உண்மையான காரணங்கள்தான், தட்டிக்கழிக்க முடியாது.

கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. ஆறடி அகல வேலி, பாதி நம் பக்கம் பாதி அடுத்தவர் பக்கம் என்றால் நம் கணக்கில் மூன்றடி. சுமார் 2,500 சதுர அடி, அதாவது நூறு சென்ட்டில் ஏறக்குறைய ஆறு சென்ட். ஒரு ஏக்கர் மட்டும் வைத்திருப்பவருக்கு அது கணிசமான இடம், அவரிடம் போய் வேலியை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஐந்து ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால் பதின்மூன்று சென்ட்தான் போகும், ஐந்நூறு சென்ட்டில் பதின்மூன்று. பெரிய கொல்லைக்காரர்கள்தான் கம்பிவேலிக்கு முதலில் மாறுகிறார்கள் என்பதுதான் வருத்தம். அதோடு கம்பிவேலியை ஒட்டி யாரும் பயிர் வைப்பதில்லை, டிராக்டர் திரும்ப எப்படியும் இரண்டு மூன்று அடி விட வேண்டியிருக்கிறது. மிச்சமான இடம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கோரையும் பார்த்தீனியமும் முளைத்துக் கிடக்கிறது.

பாம்பு விஷயம். வேலியில் பாம்பு உண்டு, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். பெரும்பாலும் கண்ணில் படுவது சாரை, அது கடித்தாலும் விஷமில்லை, எலி தின்று வாழ்வது. கண்ணாடி விரியனும் இருக்கும், அது ஆபத்தானதுதான், இருட்டில் டார்ச் இல்லாமல் வேலியோரம் நடக்கக் கூடாது, சருகுக்குள் கையை விடக் கூடாது, கடித்தால் ஒரு நிமிஷமும் வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் பாம்பு வருவது எலிக்காக. வேலி போனதும் எலி போய்விடாது, வரப்பிலும் வைக்கோல்போரிலும் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் செங்கல் அடுக்கிலும் வளை தோண்டும், பாம்பும் பின்னாலேயே வரும். கீரியும் கூகையும் வேலியோடு போய்விட்டால் எலியைப் பிடிக்க அப்புறம் யார் இருக்கிறார்கள்? வீட்டை ஒட்டிய இருபது முப்பது அடியை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு கொல்லை வேலியை விட்டுவிடுவதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

மயில் தொல்லை, காட்டுப்பன்றித் தொல்லை என்றும் சொல்வார்கள். அது பெரிய தொல்லைதான், மணிலா (நிலக்கடலை) போட்டவர்களைக் கேட்டால் தெரியும். மயில் கம்பிவேலிக்கும் அடங்காது, மேலே பறந்து உள்ளே இறங்கும். பன்றிக்குப் பயந்து வேலியில் கள்ளத்தனமாக மின்சாரம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் பன்றியோடு மனிதர்களும் செத்திருக்கிறார்கள், அதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் வேலிக்காத்தான் குழப்பம் வேறு. சீமைக்கருவேலத்துக்குத்தான் நம் பக்கம் வேலிக்காத்தான் என்று பெயர். 1870களில் இந்தியாவுக்குள் வந்த மரம், வேலிக்கும் விறகுக்கும் நல்லது என்று பரப்பினார்கள், ஆடுமாடு காயைத் தின்று சாணியில் விதையைப் போட்டு ஊரெல்லாம் பரப்பிவிட்டன. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபிறகு ஜேசிபி வைத்து எடுக்கிற வேகம் எல்லா ஊருக்கும் பரவியது. எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஜேசிபி ஓட்டுகிற பையனுக்கு எது சீமைக்கருவேலம், எது கிளுவை, எது காரை என்று தெரியாது, முள் இருந்தால் எல்லாம் ஒன்றுதான். ஏரிக்கரையிலும் ஓடைப்புறம்போக்கிலும் வேலிக்காத்தானோடு சேர்ந்து நம் செடிகளும் வேரோடு போனதை நான் கண்ணால் பார்த்தேன். எதை வேலிக்குக் கொண்டுவருகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும் என்பதற்கு இன்னொரு பழைய பாடம் சப்பாத்திக்கள்ளி. அதுவும் வேலிக்கு வளர்த்து, பிறகு தென்னிந்தியா முழுக்கப் படர்ந்து நிலத்தையே விழுங்கியது, 1920களில் அதை மட்டும் தின்னும் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. உண்ணிச்செடியையும் அழகாகப் பூக்கிறது என்று வேலியில் வைக்காதீர்கள்.

இனி பயிருக்கு என்ன லாபம் என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் குருவிக்காக மட்டும் யாரும் இடம் விடமாட்டார்கள். எங்கள் பக்கம் முந்திரி. தையில் பூக்கத் தொடங்கி பங்குனி வரை போகும். பூவில் காய் பிடிக்கத் தேனீயும் ஈயும் மற்றப் பூச்சிகளும் வேண்டும், முந்திரி மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் போய்ச் சேராது. முந்திரி பூக்காத மற்ற ஒன்பது மாதம் அந்தப் பூச்சிகள் எதைத் தின்று உயிரோடிருக்கும்? நொச்சி, இலந்தை, புங்கன், கோவை, வேம்பு என்று வேலியில் ஒன்று மாற்றி ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். கொம்புத்தேனீ கூடு கட்டுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட புதரில்தான், ஒற்றைக் கொம்பில் ஒற்றை அடையாகத் தொங்கும், உள்ளங்கை அகலம் இருக்கும். முந்திரியில் பெரிய எதிரி தேயிலைக் கொசு, துளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக்கிவிடும். அதை விரட்டுகிற காவலன் முசுறு எறும்பு, இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கொட்டை பொறுக்கும்போது கடிக்கிறது என்று கூட்டைக் கொளுத்துகிறோம், பிறகு மருந்துக்காரரிடம் போய் நிற்கிறோம். வேலியில் நாலு கூடு இருந்தால் முசுறு மரத்துக்கு மரம் தானாகவே பரவும்.

மண்ணையும் சொல்ல வேண்டும். கடலூர்ச் செம்மண் மேடு மழைக்குச் சர்க்கரை மாதிரி கரையும். ஐப்பசி கார்த்திகையில் அடிக்கிற மழையில் ஓடையெல்லாம் டீ நிறத்தில் ஓடுவது நம் மேல்மண்தான். 1968-ல் புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் தொடங்கியபோது அங்கேயும் இதே செம்மண் மேடு அரித்துப்போய்ப் பொட்டலாகக் கிடந்தது. கரை கட்டி மழைநீரை நிறுத்தி, ஆடுமாடு நுழையாமல் காத்து, மரம் வைத்து, பிறகு பழைய காட்டுச் செடிகளைத் தேடிக் கொண்டுவந்து இன்றைய காட்டை உண்டாக்கினார்கள். பல பேருடைய பல வருட உழைப்பு அது. நம் கொல்லையில் சரிவுக்குக் குறுக்கே நிற்கும் பழைய வேலி அதே வேலையைச் சம்பளம் கேட்காமல் செய்துகொண்டிருக்கிறது. வேலியின் மேட்டுப்பக்கம் மண் ஒரு முழம் உயர்ந்தும் பள்ளப்பக்கம் தாழ்ந்தும் இருக்கும், அந்த ஒரு முழம் வேலி பிடித்து நிறுத்திய மண். காற்றுக்கும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 தானே புயலில் இங்கே முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் கொல்லையில் மறுநாள் நின்றுகொண்டிருந்தது பனையும் வேலியும்தான். அப்படிப்பட்ட காற்றை எந்த வேலியும் தடுக்காது. ஆனால் வருடா வருடம் அடிக்கிற ஆடிக்காற்றில் வேலியோர வாழை குறைவாகச் சாய்கிறது என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

சட்டம் என்ன சொல்கிறது? புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரிக்குச் சரணாலயம் என்ற பெயர் இருக்கிறது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. வேலிக்கென்று ஒன்றும் கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது, பறவைக் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்றே எழுதியிருக்கிறது, ஆனால் வேலியில் ஜேசிபி இறங்கும்போது அதை யார் நினைக்கிறார்கள்? இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெரிய எந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்று அரசே பணம் கொடுத்து வேலிகளை எடுக்கச் செய்தது. பிறகு இழப்பு புரிந்து 1997-ல் சட்டம் போட்டார்கள், பெரும்பாலான கொல்லை வேலிகளை எடுக்க உள்ளாட்சிக்கு முன்கூட்டி எழுதிக்கொடுக்க வேண்டும், முப்பது வருடத்துக்கு மேற்பட்ட, குறிப்பிட்ட சிறப்புகள் உள்ள வேலியென்றால் உள்ளாட்சி தடுக்கலாம். 2024-ல் இன்னொரு விதி, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பறவை கூடு கட்டும் காலத்தில், சில விலக்குகள் தவிர விவசாய நிலத்து வேலியை வெட்டக் கூடாது. அதே சட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை, இங்கே நிலமும் சிறியது, வறுமையும் வேறு. ஆனால் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் குளம் வெட்டுகிற மாதிரி புறம்போக்கு வேலிகளைக் கவாத்து செய்து இடைவெளியை நிரப்பச் சொன்னால் ஊராட்சிக்கு என்ன நஷ்டம்?

கவாத்துக்கும் காலம் இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆவணி வரை பெரும்பாலான குருவிகளுக்குக் கூடு கட்டும் காலம், அப்போது கத்தி வைக்கக் கூடாது. பொங்கல் முடிந்ததும் தையில் வெட்டினால் கிளுவையும் இலை உதிர்ந்து நிற்கும், முள் தெளிவாகத் தெரியும், ஆளுக்கும் சுலபம். ஒரு வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறுபக்கம் என்று வெட்ட வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மொட்டையடித்தால் ஒளிய இடமிருக்காது. அடியில் கிடக்கும் சருகைக் கொளுத்தக் கூடாது, வேலியின் பாதி உயிர் அந்தச் சருகில்தான் இருக்கிறது. வேலிக்குக் களைக்கொல்லி அடிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். புதிதாக நடுவதைவிட இருக்கிற பழைய வேலியைக் காப்பதுதான் முதல் வேலை, ஏனென்றால் போத்து ஊன்றினால் இரண்டு மழையில் கிளுவை வந்துவிடும், ஆனால் காரையும் சங்கஞ்செடியும் சூரையும் ஆடுதீண்டாப்பாளையும் சேர்ந்து ஒரு வேலி நிறைவதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும்.

சித்தப்பாவோடு பேசினேன். ஒரு நாளில் இல்லை, மூன்று நான்கு தடவை. கம்பியை எடுக்கமாட்டேன் என்றார், எடுக்க வேண்டாம் என்றேன். கம்பிக்கு என் பக்கம் மூன்றடி நான் விடுகிறேன், அதில் போத்து நடுகிறேன், கவாத்தும் என் செலவு என்றேன். ஆடிக் கடைசியில் தெற்கு வேலியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் கிளுவைப் போத்து வெட்டி, இரண்டு நாள் நிழலில் போட்டு, ஒரு சாணுக்கு ஒன்றாக ஊன்றினோம். பனைக்கு அடியில் மட்டும் எதுவும் நடவில்லை, அங்கே குருவியே போட்டுக்கொள்ளும். ஐப்பசி மழையில் பத்தில் ஏழு துளிர்த்தது. மூன்றாவது பனையின் அடியில் நான் வைக்காத ஒரு கோவைக்கொடி கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கியிருந்தது. அதை அறுத்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கார்த்திகையில் ஒருநாள் சித்தப்பாவே வந்து, "கன்னுக்குட்டி போவ வர ரெண்டடி கடவு விடு, மீதியில துளிராத இடத்துக்கு நான் போத்து தரேன், எங்க மேலக்கொல்லையில இன்னும் நிக்குது" என்றார்.

அந்த மேலக்கொல்லை வேலியை இன்னும் போய்ப் பார்க்கவில்லை. தைக்குள் போக வேண்டும்.